வலது கை நகங்கள்

"ஒரு கைக்கு மட்டுமா மேடம்?" பார்லர்ல இந்தப் பொண்ணு மூணாவது தடவையா கேட்கிறா. ஆமாம்மா, ஒரு கை, அந்தக் கையிலயும் ஒரே ஒரு விரல், மோதிர விரல், அதுக்கு மட்டும் நகம் ஒட்டிவிடு போதும்னு நானும் மூணாவது தடவையா சொல்லியாச்சு. சட்டையில நஸ்ரத்னு பேர் குத்தியிருக்கா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் தெரியுது, அந்தக் கண்ணு என் கையைப் பார்க்குது, அப்புறம் முகத்தைப் பார்க்குது, அப்புறம் பக்கத்து நாற்காலியில மனுஷன் கணக்கா உட்கார்ந்திருக்கிற கிதார் பெட்டியைப் பார்க்குது. பாவம், அவளுக்குக் குழப்பம். இடது கையில நகமே கிடையாது, சதையோட ஒட்ட வெட்டியிருக்கு. வலது கையில சூனியக்காரி மாதிரி வளர்த்து வச்சிருக்கு, அதுலயும் சுண்டுவிரலை விட்டுட்டு. "வீட்ல ஏதாச்சும் ஃபங்ஷனா மேடம்?" ஃபங்ஷன்தான். சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் கிதார் வாசிக்கிறேன், நானே எழுதின பாட்டு, முதல் தடவையா மேடையில. அப்படின்னு சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, ஃபங்ஷன்"னு சொல்லிட்டேன். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. எனக்கும் ஒரு மாஸ்க் குடுத்திருக்கா, தூசி போயிடுமாம். மாஸ்க்குக்குள்ள என் மூச்சு எனக்கே சூடா அடிக்குது. மேஜை மேல ஒரு சின்ன மிஷின் தூசியை உறிஞ்சிட்டு உய்யுனு கத்துது, தலைக்கு மேல ஏசி அதுக்கு சுருதி போடுது, ரெண்டும் சேரலை, அரைக்கால் சுரம் விலகி நிக்குது. இந்தக் காதை வச்சிக்கிட்டு ஒரு கடைக்குப் போக முடியுதா. நஸ்ரத் என் மோதிர விரலைப் பிடிச்சு, உடைஞ்ச நகத்தை வெளிச்சத்துல திருப்பிப் பார்த்து, "எப்டி மேடம் ஒட்ச்சிக்கினீங்க?"ன்னா.

அதுதானே கேள்வி. உடைஞ்சுதா, உடைச்சேனா? காலையிலேர்ந்து மண்டைக்குள்ள இதுதான் ஓடிட்டிருக்கு. இடது கை தந்தியை அமுக்க, வலது கை நகம்தான் மீட்ட, அதனால கிதார் வாசிக்கிற எவளும் வலது கையால டின் மூடியைத் திறக்க மாட்டா. திறக்கவே மாட்டா. கார் கதவு இடது கை, பீரோ இடது கை, மாவு பிசையறது இடது கை. பஸ்ல கம்பியைப் பிடிக்கிறதுகூட வலது கையை மார்போட மடக்கி வச்சிக்கிட்டு இடது கையால. ஏதோ அடிபட்டிருக்கு போலன்னு நிறைய பேர் எந்திரிச்சு சீட் குடுத்திருக்காங்க, நானும் வெட்கமில்லாம உட்கார்ந்திருக்கேன். கல்யாணம் ஏன் பண்ணிக்கலைன்னு கேட்கிற சொந்தக்காரங்களுக்கு நான் இந்த நகத்தைத்தான் காட்டுவேன், இதை வச்சிக்கிட்டு எவன் வீட்ல பாத்திரம் தேய்க்கிறதுன்னு. சிரிப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. இருபது வருஷத்துக்கு மேல தூக்கத்துலகூட மறக்காத பழக்கம் அது. இன்னைக்குக் காலையில காபிக்கு அடுப்புல தண்ணி கொதிக்குது, பால் பவுடர் டின்னை இடது கையால அணைச்சுப் பிடிக்கிறேன், வலது கை மோதிர விரல் தன்னால போய் மூடிக்கு அடியில நுழையுது. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். நெம்புது. டிக். அவ்வளவுதான், நகம் பாதியில வளைஞ்சு வெள்ளையா ஒரு கோடு. அதுகூடப் பரவாயில்ல. அந்த நிமிஷம் எனக்குள்ள வந்தது அய்யோ இல்ல. அப்பாடா. அப்பாடான்னு வந்துச்சு. இன்னைக்கு வாசிக்க வேண்டாம், போன் பண்ணி நகம் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம், எவனும் குத்தம் சொல்ல மாட்டான். அப்படி ஒரு நிம்மதி. அடுப்படியில நின்னுக்கிட்டு நான் சிரிச்சேன். அப்புறம்தான் அடுப்பை அணைச்சிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தேன். சுகிர்தா, நீ இதை வேணும்னே பண்ணினியாடி? இல்லப்பா, தூக்கக் கலக்கம். தூக்கக் கலக்கத்துல இத்தனை வருஷமா பண்ணாததை இன்னைக்கு ஏன் பண்ணினே? கேள்வி கேட்கிறதும் நான்தான், முழிக்கிறதும் நான்தான். சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, பயமா இருக்குன்னு.

பயமாத்தான் இருக்கு. நஸ்ரத் அரத்தால நகத்தைத் தேய்க்கிறா, எலும்பு வரைக்கும் அதிருது. பயம்கூட அதே இடத்துலதான் அதிருது. மேடைக்குப் பயப்படற ஆள் இல்ல நான். செத்துப் போன வெள்ளைக்காரங்க எழுதினதை எல்லாம் நாடு நாடா போய் வாசிச்சவதான். வாசிக்கிறப்ப தப்பு வந்தா அது என் விரலோட தப்பு, பாட்டு பத்திரமா இருக்கும், அது ஏற்கெனவே ஊர் ஒத்துக்கிட்ட பாட்டு. எழுதவும் செஞ்சேன். ஜெர்மனியில ஒரு வயலின் குழு நாலு பேர் நான் எழுதினதை வாசிச்சாங்க, நான் கடைசி வரிசையில கம்பளிக் கோட்டுக்குள்ள ஒளிஞ்சு உட்கார்ந்திருந்தேன். நல்லா இருந்தா நான் எழுதினது, நல்லா இல்லேன்னா அவங்க வாசிச்சது. எவ்வளவு சவுகரியம். ஊர்ல வந்து சொன்னா எவனுக்குப் புரியுது? கம்போஸர்ங்கிறீங்களே, எந்தப் படம்? படம் இல்லைங்க. அப்ப கிளாசிக்கல், கர்நாடக சங்கீதமா? இல்லைங்க, வெஸ்டர்ன். ஓ, பழைய பாட்டு! இல்லைங்க, இப்ப எழுதுறது. ஆங், ஃப்யூஷன்! சரி, ஃப்யூஷன்தான், ஆளை விடு. ஆனா இந்தப் பாட்டு வேற. "மேற்கு ஜன்னல்"னு பேர் வச்சிருக்கேன், தனிக் கிதாருக்கு, எழுதினதும் நான், வாசிக்கப் போறதும் நான், ஒளிஞ்சுக்க கோட்டு கிடையாது. அதுகூட இல்ல பயம். பாட்டு செத்துக் கிடக்கு. ரெண்டு மாசமா வாசிச்சுப் பழகுறேன், ஒரு சுரம் தப்பாம வருது, நடுவுல அந்த ட்ரெமலோ, கட்டைவிரல் கீழே மெதுவா நடக்க, மத்த மூணு விரலும் ஒரே தந்தியை மாறி மாறித் தட்டி, இழுத்துப் பாடுற மாதிரி காதை ஏமாத்துற வித்தை, அதுவும் பளிங்கு மாதிரி வருது. ஆனா உயிர் இல்ல. எழுதினப்ப அழுதுக்கிட்டே எழுதின இடம், இப்ப வாசிச்சா டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி இருக்கு. அன்னைக்கு நல்லா இருந்ததா நான்தான் நினைச்சுக்கிட்டேனோ? துக்கத்துல இருந்தவளுக்கு எது நல்லா இருக்கும், எது நல்லா இருக்காதுன்னு என்ன தெரியும்? போன் அடிக்குது, வரதன் சார். சாயங்காலம் நான் வாசிக்கப் போற ஹால்ல மாசா மாசம் கச்சேரி நடத்துற நல்ல மனுஷன். இடது கையால எடுத்துக் காதுல வச்சா, "மேடம், மைக் வேண்டாம்னு இன்னமும் பிடிவாதமா?"ங்கிறார். வேண்டாம் சார். "ஹால் கொஞ்சம் பெரிசு, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்கணுமே." கேட்கும் சார். வச்சிட்டார். கேட்கணுமேன்னு அவர் சொன்னதும் எனக்கு எங்கம்மாதான் ஞாபகம்.

எங்கம்மா டாரதி டீச்சர், பாளையங்கோட்டையில கணக்கு சொல்லிக் குடுத்தவ, ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆர்கன் வாசிச்சவ. காலால காத்தை மிதிச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கினா ஜன்னல் கண்ணாடி அதிரும். அவளுக்கு வாத்தியம்னா அதுதான். நான் கிதாரை எடுத்துட்டு வந்தப்ப, "இது யூத் மீட்டிங்குல கைதட்டிப் பாடுததுக்கு உள்ளதுல்லா"ன்னா. என் முதல் பெரிய கச்சேரிக்கு ரயில் ஏறி மெட்ராஸ் வந்தா, பட்டுச் சேலையில முன்வரிசையில உட்கார்ந்தா. முடிஞ்சதும் ஓடிப் போய் நின்னேன். "நல்லாத்தான் வாசிச்சே. ஆனா ஒண்ணும் கேக்கலையேட்டி. கொசு பாடுத மாதிரில்லா இருக்கு." அதுக்கப்புறம் எத்தனை கச்சேரிக்கு வந்தாலும் அதே பல்லவி, கேக்கலையேட்டி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்து நல்லா இருந்துச்சு மக்களேன்னு சொல்லி நிறுத்தியிருந்தா என்னம்மா குறைஞ்சிருக்கும் உனக்கு? அப்பா போனப்புறம் அயனாவரத்துல என்னோட வந்து இருந்தா. அப்புறம் ஒரு நாள் விடிகாலையில வலது பக்கம் மொத்தமா போச்சு, கை, கால், பேச்சு எல்லாம். ஆள் வச்சேன், ஒருத்தியும் நிக்கலை, அம்மா இடது கையாலயே அடிச்சு விரட்டினா. சரின்னு நானே இறங்கினேன். முதல் நாள் குளிப்பாட்டுறப்ப என் நகம் அவ முதுகுல பட்டுக் கோடு விழுந்துச்சு. தோல் அவ்வளவு மெலிசு, பொட்டு பொட்டா ரத்தம் எட்டிப் பார்க்குது. அவ ஒரு சத்தமும் போடலை. அன்னைக்கு மதியமே வெட்டினேன். நாலு நகத்தையும் வெட்டி பேப்பர்ல மடிச்சுக் குப்பையில போட்டேன், வர்ற வருஷம் வரைக்கும் ஒத்துக்கிட்டிருந்த கச்சேரி எல்லாத்தையும் வேண்டாம்னு சொன்னேன். சொல்றப்ப வருத்தம்தான், ஏன் பொய் சொல்லணும். யார் மேலன்னு தெரியாத கோபம் வேற.

மேற்கு ஜன்னல் உள்ள ரூம்லதான் அம்மா கட்டில். மதியம் சோறு குழைச்சு ஊட்டி, வாயைத் துடைச்சு, துணி மாத்தி விட்டுட்டு, அதே ரூம்ல தரையில உட்கார்ந்து வாசிப்பேன். நகம் இல்லாம, வெறும் சதையால. சதையால வாசிச்சா சத்தம் பாதிகூட வராது. ஆனா அதுல முனை இருக்காது, குழைச்ச சோறு மாதிரி இருக்கும். மனசு போற போக்குல விரல் போகும், அப்படித்தான் இந்தப் பாட்டு துண்டு துண்டா வந்துச்சு. ஆனா அம்மா விட்டாளா? நான் வாசிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல இடது கையைத் தூக்கி மேல காட்டுவா. மேல ஃபேன் ஓடுது, பழைய ஃபேன், கடகடன்னு. குளிருதாம்மா? போர்வையை எடுத்துக் கழுத்து வரைக்கும் போத்தி விடுவேன். நல்ல காலாலயே உதைச்சுத் தள்ளுவா. கழுத்துல வேர்வை வழியுது, ஆனாலும் மறுபடி கையைத் தூக்கி மேல காட்டுவா. வெயில் கண்ல அடிக்குதான்னு ஜன்னலைச் சாத்துவேன். அதுவும் இல்ல. வாய் கோணிக்கிட்டு ஏதோ சத்தம் வரும், கண்ல தண்ணி முட்டும். அப்பத்தான் எனக்குப் புரியும். புரிஞ்சதா நினைச்சேன். கிதாரை நிறுத்துங்கிறா. செத்த நேரம் தூங்க விடு, உன் கொசுப் பாட்டு வேண்டாம்கிறா. சரி தாயே, உனக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கலைன்னு கிதாரைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். அவ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப்பா. எத்தனை மதியம் அப்படி. அப்புறமெல்லாம் அவ கண்ணை மூடினப்புறம்தான் வாசிப்பேன். ஒரு நாள் மட்டும் கரண்ட் போச்சு, ஏதோ கேபிள் வேலை, சாயங்காலம் வரைக்கும் வரலை. ரூம் அடுப்பு மாதிரி கொதிக்குது. விசிறிவிட்டுப் பார்த்தேன், விசிறியைத் தட்டிவிட்டா. எரிச்சல்ல, என்னமோ பண்ணுன்னு கிதாரை எடுத்தேன். அன்னைக்குத்தான் அந்த ட்ரெமலோ வந்துச்சு, முழுசா, ஒரே மூச்சுல, எனக்கே நம்ப முடியலை. நிமிர்ந்து பார்த்தா அம்மா முழிச்சிட்டுத்தான் இருக்கா. தலையணை நனைஞ்சு போச்சு, நெத்தியில முடி ஒட்டிக் கிடக்கு, கண்ணு என் கையிலயே இருக்கு. அன்னைக்கு அவ கையை நீட்டலை. புழுக்கத்துல ஓய்ஞ்சு போயிட்டா பாவம்னு நினைச்சேன். மழைக்காலம் பிறக்கறதுக்குள்ள போயிட்டா. நான் மறுபடி நகம் வளர்த்தேன், சுகிர்தா திரும்பி வந்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க.

"மேடம், பாருங்க, ஒரிஜினல் மாதிரியே கீது!" நஸ்ரத் பெருமையா என் விரலைத் தூக்கிக் காட்டுறா. நெசமாவே நல்லா இருக்கு, கைக்காரிதான். வாசிச்சுப் பார்த்துக்கறேன்னு பெட்டியைத் திறந்தேன். கிதாரைப் பார்த்ததும் பக்கத்துல முடிக்குச் சாயம் பூசிட்டு உட்கார்ந்திருந்த வேற ஒரு கஸ்டமர் அம்மா காலை மடக்கிக்கிட்டாங்க. ட்ரெமலோவைத் தொட்டேன். பிளாஸ்டிக் விரல் மட்டும் டக்கு டக்குன்னு தனியா கத்துது, மத்த ரெண்டும் அதுக்குப் பின்னாடி நொண்டுது. இன்னும் கொஞ்சம் தேய்ச்சு மெலிசாக்கணும்மான்னேன். நஸ்ரத் வலது கையை மறுபடி வாங்கிக்கிட்டா, மிஷினைப் போட்டா, உய். கிதார் மடியில இருக்கு, வலது கை அவகிட்ட மாட்டியிருக்கு, சும்மா இருக்க முடியுதா? இடது கை விரலைத் தந்தி மேல மெத்து மெத்துன்னு போட்டுப் போட்டு எடுத்தேன். மீட்டாமலேயே, விரல் விழுற சத்தம் மட்டும். மேற்கு ஜன்னல், முதல் வரியிலேர்ந்து. வயித்துல ஒட்டியிருக்கிற மரப்பலகை வழியா லேசா வருது. அய்யோ, நகமே படாத வெறும் சதைச் சத்தம், இது அதேதான். இதுதான் அந்த ரூம்ல இருந்தது. ரெண்டு மாசமா நான் தேடினது இதைத்தான். இந்தச் சத்தம் இல்லாம அந்தப் பாட்டு எப்படி நிக்கும்? ஆனா முழுசாக் கேட்கலை, இந்த மிஷின் கத்துது, மேல ஏசி இரையுது, பிடிக்கப் பிடிக்க நழுவுது. வாயைத் திறந்தா போயிடும். பேசக் கூடாது. நஸ்ரத் பார்க்கிற மாதிரி இடது கையைத் தூக்கி மேல காட்டினேன். ஏசியை நிறுத்தும்மா. அவ மேல பார்த்தா, என்னைப் பார்த்தா, சட்டுனு எந்திரிச்சு ஒரு டவலைக் கொண்டாந்து என் தோள்ல போத்திவிட்டு, "குளுருதா மேடம்?"னா. இல்லைன்னு தோளை உதறி டவலைத் தள்ளிட்டு, மறுபடி கையைத் தூக்கி மேல காட்டினேன்.

கை அப்படியே நின்னு போச்சு. கையைப் பார்க்கிறேன். இடது கை. அம்மா. அம்மா, அதைத்தானா சொன்னே? ஃபேனை நிறுத்துட்டின்னு சொன்னியா? கேக்கலையேட்டி, ஃபேனை நிறுத்தினா கேக்கும்னு. நான் போர்வையைப் போத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். உனக்குப் பிடிக்கலைன்னு சொல்லி அடுப்படிக்கு எடுத்துட்டுப் போனேனே, படுபாவி, நீ சுவரைப் பார்த்துக்கிட்டு கிடந்தியே. கரண்ட் போன அன்னைக்கு நீ கையை நீட்டலை. விசிறிச் சத்தம்கூட வேண்டாம்னு தட்டிவிட்டே. வேர்த்து ஊத்திக்கிட்டு, முழுசாக் கேட்டே. கேட்டுட்டுத்தான் போனே. "மேடம்? மேடம், இன்னா ஆச்சு? மிஷினு கீச்சிடுச்சா? ரெத்தம் வர்லியே!" நஸ்ரத் பதறுறா, முடிச்சாயம் பூசின அம்மா தண்ணி பாட்டிலை நீட்டுறாங்க. மாஸ்க் எல்லாம் நனைஞ்சு மூக்குல ஒட்டுது, அவிழ்த்துப் போட்டுட்டேன். ஒண்ணும் இல்லம்மா, நீ ஒண்ணும் பண்ணலை. எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. ஒரு வேலை பண்ணு. இதை எடுத்துடு. மத்ததையும் வெட்டிடு, மொத்தம் நாலையும், ஒட்ட வெட்டு, இடது கை மாதிரி.

"இப்பதான் மேடம் ஒட்னேன்!" அவ முகத்தைப் பார்த்தா எனக்கே சிரிப்பு வருது, அழுகையோட சேர்ந்து. தெரியும்மா, நீ நல்லாத்தான் ஒட்டினே, நான்தான் கிறுக்கு, வெட்டு. தலையில அடிச்சுக்காத குறையா நகவெட்டியை எடுத்தா. கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பிச்சா. ஒவ்வொண்ணா மேஜையில தெறிச்சு விழுது. அப்பாடான்னு இருக்கு, ஆனா இது காலையில வந்த அப்பாடா இல்ல. வரதன் சாருக்குப் போன் போட்டேன். சார், மைக் இல்லாமதான் வாசிப்பேன், ஆனா என் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏசியை நிறுத்திடணும். "ஏசியையா?" மேல ஓடுற ஃபேனையும். "அம்மா, மே மாசம்மா இது! ஜனங்க வெந்துடுவாங்க, பாதியில எந்திரிச்சுப் போயிடுவாங்க." போறவங்க போகட்டும் சார், மிச்சம் இருக்கிறவங்களுக்குக் கேட்கும். "கடைசி வரிசை வரைக்குமா?" தெரியலை சார், சத்தம் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும், நாற்காலியை எல்லாம் முன்னாடி இழுத்துப் போடச் சொல்லுங்க. உங்க பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லைன்னு முணுமுணுத்துட்டு, சரின்னார். பயம் போச்சான்னா போகலை, அது பாட்டுக்கு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நஸ்ரத் கடைசி நகத்தை வெட்டி, விரல் நுனியை ஊதிவிட்டா. மொட்டை மொட்டையா, குழந்தை விரல் மாதிரி இருக்கு. கிதாரை உள்ள வச்சிட்டுக் கிளம்பலாம்னு பெட்டியை இழுத்தேன். அவ விடலை. நாங்க போன்ல பேசினது அத்தனையும் கேட்டிருக்கா போல. மிஷினை அமுக்கி நிறுத்தினா, எந்திரிச்சுப் போய் ஏசியையும் அணைச்சா, முடிச்சாயம் பூசின அம்மா அய்யோ புழுங்குமேன்னாங்க. நஸ்ரத் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிர்ல உட்கார்ந்தா. "அப்டி இன்னாதான் மேடம் அது, வாசிங்க, கேப்போம்." ட்ரெமலோவுக்கு நேரா போகாம முதல் வரியிலேர்ந்து ஆரம்பிச்சேன். கண்ணாடிக் கதவு வழியா வெயில் நேரா அடிக்குது, முதுகெல்லாம் நனையுது, நஸ்ரத் மூக்கு நுனியில வேர்வை பொட்டு பொட்டா நிக்குது. யாரும் மேல கையை நீட்டலை.